தட்டை மாற்றும் முன் மாத்திரையைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் தாராபுரம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம், மேடம். எனக்கு 47 வயது, உயரம் 155 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. ஏழு வருஷமாகச் சர்க்கரை. அதற்கும் முன்பிருந்தே தைராய்டு. இரண்டு வருஷமாக முடக்குவாதம். மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, நாலு மாதம் முன்பு சேர்த்த டாபாகிளிஃப்ளோசின், காலையில் தைராய்டு மாத்திரை, முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் என்று எல்லாம் எடுத்து வந்தேன். கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 8.9.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் கொழுந்தனார், தானியமே இல்லாத ஆதிமனித உணவுமுறையில் (பேலியோ என்கிறார்) ஐந்து மாதத்தில் 16 கிலோ குறைந்து, சர்க்கரை மாத்திரையையும் விட்டுவிட்டார். "வெவசாயம் வர்றதுக்கு முன்னால மனுசன் தானியமே தின்னதில்லைங்க அண்ணி. ஒடம்பு இன்னும் அதுக்குப் பழகலை. வீக்கம், வலி எல்லாத்துக்கும் அதுதான் காரணம்" என்று சொல்லி என்னையும் ஆரம்பிக்க வைத்தார். மூன்று வாரமாகக் காலையில் நூறு பாதாம், மதியம் முட்டை அல்லது கோழியோடு கீரை, இரவு பன்னீர். அரிசி, கம்பு, பருப்பு எதுவும் தொடவில்லை. எட்டாம் நாள் விடிகாலை நாலு மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கை நடுங்கியது. சர்க்கரை பார்க்கும் மெஷினில் 58தான். கருப்பட்டியை வாயில் போட்டுச் சமாளித்தேன். அன்றிலிருந்து கிளிமெபிரைடை நிறுத்திவிட்டேன். விரல் வீக்கம் குறைந்த மாதிரி இருந்ததால் மெத்தோட்ரெக்ஸேட்டும் இரண்டு வாரம் போடவில்லை. எடை நாலு கிலோ குறைந்திருக்கிறது.

மாமியாரோ, "கம்பும் சோளமும் தின்னவங்கதான் இந்தக் கெணத்தையே வெட்டுனாங்க" என்று கோபிக்கிறார். யார் சொல்வது சரி? மூன்று நோயும் குணமாகிவிடுமா? ஆவணியில் நாத்தனார் மகள் கல்யாணம் வேறு வருகிறது, அங்கே என்ன செய்வது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று மாலையே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பினேன். அதில் சொன்னதையே இங்கும் முதலில் எழுதுகிறேன். இதே மாத்திரைகளை எடுத்துக்கொண்டு இதே உணவுமுறையில் இறங்கியிருப்பவர்கள் இன்னும் சிலர் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு இது இன்றே தெரிய வேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின் மாதிரி, பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடிகிற மாத்திரைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுபவை. நல்ல மருந்துகள்தான். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும்கூட உதவுகின்றன. ஆனால் அரிசி, கம்பு, பருப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும், அதில் கீட்டோன் என்ற அமிலம் உண்டாகும். அளவோடு இருந்தால் பயமில்லை. இந்த மாத்திரையும் உள்ளே இருக்கும்போது அது அளவு மீறி, ரத்தமே அமிலமாகிவிடுகிற ஆபத்து உண்டு. இதில் ஏமாந்துபோகிற இடம் ஒன்று இருக்கிறது. மெஷின் 150, 180 என்றுதான் காட்டும். "சுகர் நல்லாத்தானே இருக்கு, பித்தமா இருக்கும்" என்று வீட்டிலேயே படுத்துவிடுவார்கள். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், என்றுமில்லாத அசதி என்று எது வந்தாலும், மெஷினில் என்ன எண் வந்தாலும் சரி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரையின் பெயரைச் சொல்லி, கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். விரதம், வாந்திபேதி, ஆபரேஷன் நாட்களில் டாக்டர்கள் இந்த மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்வதும் இதனால்தான். நீங்கள் உங்கள் டாக்டரிடம் பேசிவிட்டதாகவும், அவர் அதை நிறுத்தச் சொல்லி ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்ததாகவும் பதில் போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மனசு ஆறியது.

அப்புறம் அந்த விடிகாலை 58. கிளிமெபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அதற்குத் தெரியாது. இரண்டு ஏக்கர் நனைவதற்கு ஓடுகிற மோட்டாரை, கால் ஏக்கர் மட்டும் நட்டுவிட்டு அதே நேரத்துக்கு ஓடவிட்டால் என்ன ஆகும்? வரப்பு உடையத்தானே செய்யும்? உங்கள் மாத்திரையின் அளவு, நீங்கள் மூன்று வேளையும் அரிசி சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் போட்ட கணக்கு. தட்டு மாறப்போகிறது என்றால் கணக்கை டாக்டர் முதல் நாளே மாற்றியிருக்க வேண்டும். நீங்கள் எட்டாம் நாள், பயந்துபோய், நீங்களாகவே மாற்றினீர்கள். நிறுத்தியது தவறு என்று சொல்லமாட்டேன். 58 வந்த பிறகு அதே மாத்திரையை மறுநாளும் போட்டிருந்தால் அதுதான் தவறு. ஆனால் அன்றே டாக்டருக்கு ஒரு போன் போயிருக்க வேண்டும். இனி அப்படி இறங்கினால் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள், அது கரைய நேரமாகும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. பாதாமும் வெண்ணெயும் அந்த நேரத்துக்கு உதவாது.

ஈரோட்டில் நான் உணவு ஆலோசனை சொல்லத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேலியோ என்று வந்து நிற்பவர்களிடம் நான் முதலில் கேட்பது மாத்திரைச் சீட்டைத்தான். என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது அதற்கு அப்புறம்.

சரி, இந்த உணவுமுறையில் பலன் உண்டா? உண்டு. உங்கள் கொழுந்தனாருக்கு நடந்தது பொய்யில்லை. மாவுச்சத்தை நன்றாகக் குறைத்தால் ஆறு மாதத்தில் சர்க்கரை நன்றாக இறங்குகிறது, பலருக்கு மாத்திரையே குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒரு வருஷம் ஆகும்போது மற்ற உணவுமுறைகளோடு இருந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. ஏனென்றால் பாதிப் பேரால் அதைக் கடைப்பிடிக்க முடிவதில்லை என்றே என் அனுபவத்தில் சொல்வேன். இன்னொரு ஆய்வு, 2017ல் பிரிட்டனில் வந்தது. சர்க்கரை வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்களுக்குச் சில மாதம் மிகக் குறைந்த கலோரியில் சூப், ஷேக் மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருஷ முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அப்படி. அங்கே யாரும் ஆதிமனிதனைப் பற்றிப் பேசவில்லை. கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைந்தது, அவ்வளவுதான். உங்கள் கொழுந்தனாருக்கு வேலை செய்தது அந்த 16 கிலோ. அதைக் குறைக்க அவருக்குக் கைகொடுத்தது பேலியோ. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் உங்களுக்கு வழி விசாலமாகிவிடும்.

இப்போது மாமியார் பக்கம் வருகிறேன். மனிதன் விவசாயத்துக்கு முன் தானியமே தின்றதில்லை என்பது சரியில்லை. இஸ்ரேலில் கலிலேயக் கடலோரம் ஓஹாலோ என்ற இடத்தில் சுமார் 23,000 ஆண்டுகளுக்கு முந்தைய குடிசைகளைத் தோண்டியபோது, காட்டு வாற்கோதுமை அரைத்த கல்லே கிடைத்தது. விவசாயம் தொடங்குவதற்குப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய கதை அது. நம் பக்கத்திலேயே, பழனிக்கு அருகே பொருந்தலில் 2009-10ல் நடந்த அகழாய்வில், ஈமக்குழியில் ஒரு சாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணித்திருக்கிறார்கள். இறந்தவரோடு நெல்லை வைத்துப் புதைத்திருக்கிறார்கள் என்றால் அதை எவ்வளவு பெரிதாக மதித்திருப்பார்கள்! முன்னோர் உணவு என்று சொல்லி நெல்லையும் கம்பையும் வெளியே தள்ள என் மனசு ஒப்பவில்லை.

ஆனால் மாமியார் சொல்வதிலும் ஒன்று விட்டுப்போகிறது. அவர் சின்ன வயதில் அரிசிச் சோறு எத்தனை நாள் சாப்பிட்டிருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். நோம்பிக்கும் ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்தாலும்தான் என்பார். காலிங்கராயன், கொடிவேரி மாதிரிப் பழைய பாசனங்களை விட்டால் கொங்கில் பெரும்பாலும் புன்செய்தானே? பவானிசாகர் அணை 1955ல் முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அப்புறம் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். பிறகு ரேஷன் அரிசி, 2011லிருந்து இலவச அரிசி. பசி தீர்ந்தது, அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் இரண்டே தலைமுறையில் நோம்பிச் சோறு மூன்று வேளைச் சோறாகிவிட்டது. அதே காலத்தில் மாடு கட்டிக் கவலை இறைத்த இடத்தில் மோட்டார் வந்தது, ஆட்டுக்கல் இருந்த இடத்தில் கிரைண்டர் வந்தது. கிணறு வெட்டியவர்கள் கம்மஞ்சோற்றை உருண்டை உருண்டையாகத் தின்றார்கள், பாறையை உடைத்து அதை எரித்தார்கள். உருண்டை அப்படியே நம்மிடம் தங்கிவிட்டது.

எங்கள் கிளினிக் மேசையில் ஒரு சமையல் தராசு இருக்கிறது. போன மாதம் பவானிப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். "கொஞ்சூண்டுதானுங்க போட்டுக்குவேன்" என்றார். என் மதியச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, வீட்டில் போட்டுக்கொள்கிற மாதிரியே போடுங்கள் என்று தட்டைக் கொடுத்தேன். குழம்புக்கு இரண்டு கரண்டி போட்டார். கொஞ்சம் யோசித்து ரசத்துக்கு ஒன்று. "மோருக்கு இல்லாம எப்படிங்க?" என்று இன்னொன்று. தராசில் 420 கிராம். நூறு கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. ஆக ஒரு வேளையில் கிட்டத்தட்ட 118 கிராம், அதாவது இருபத்து மூன்று தேக்கரண்டி சர்க்கரை அளவுக்கு. அந்த அம்மா தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. நாமெல்லாம் அப்படித்தான் கண்ணால் அளக்கிறோம். நீங்களும் ஒரு நாள் இப்படி எடை போட்டுப் பாருங்கள், மறக்காதீர்கள்.

தானியம் இல்லாவிட்டால் மாவுச்சத்தும் இருக்காது என்றும் நினைக்க வேண்டாம். பப்புவா நியூகினியைச் சேர்ந்த கிட்டாவா என்ற தீவில் 1990களின் தொடக்கத்தில் ஸ்டாஃபன் லிண்டபெர்க் என்ற ஸ்வீடன் மருத்துவர் ஆய்வு செய்தார். அங்கே தானியம் கிடையாது. வள்ளிக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, தேங்காய், மீன், பழம் இவைதான். அவர்கள் சாப்பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. மாரடைப்பும் பக்கவாதமும் அங்கே காணக் கிடைக்கவில்லை, எல்லோரும் ஒல்லியாக இருந்தார்கள். அதே மருத்துவர் 2007ல் இதயநோயும் சர்க்கரைக் கோளாறும் உள்ள 29 ஆண்களை வைத்து 12 வாரம் பேலியோவைச் சோதித்தார், நல்ல பலன் வந்தது. 29 பேர், 12 வாரம். உங்கள் வாழ்நாள் முழுமைக்கும் ஒரு முடிவெடுக்க அது போதாது. ஆனால் பொட்டலத்தில் வருவது, மைதா, சர்க்கரை, பேக்கரி எல்லாம் தட்டை விட்டுப் போனால் உடம்பு தேறுகிறது என்பதற்கு இரண்டுமே சாட்சி.

'தானியம்தான் வீக்கத்துக்குக் காரணம்' என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் க்ளூட்டன் என்ற புரதத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். க்ளூட்டன் இருப்பது கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய மூன்றில். அரிசியில் இல்லை. கம்பு, சோளம், ராகி, சாமை, தினை, வரகு எதிலும் இல்லை. க்ளூட்டன் உண்மையிலேயே சேராத நோய்க்கு சீலியாக் என்று பெயர். 2016ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் அது வடக்கே நூறில் ஒருவருக்கு மேலும், தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கும் இருந்தது. தைராய்டு, முடக்குவாதம் மாதிரி உடம்பே உடம்பைத் தாக்குகிற நோய் உள்ளவர்களுக்கு அது வருகிற வாய்ப்பு சற்று அதிகம் என்பதால், சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, அடிக்கடி பேதியாகிறது, ரத்தசோகை தீரவே இல்லை என்றால் டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் அதற்கான பரிசோதனையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அதைப் பார்க்க வேண்டும். முன்னாடியே நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் ரிப்போர்ட்டில் தெரியாமல் போகலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்காரர்களுக்கு இரவு சப்பாத்தி என்பது ஊரெல்லாம் சட்டமாகிவிட்டது. நூறு கிராம் கோதுமை மாவில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து, அரிசியில் 78. நாலு சப்பாத்தியும் குருமாவும் சாப்பிட்டுவிட்டு அரிசியைத் தொடவில்லை என்று சந்தோஷப்பட அதில் ஒன்றுமில்லை.

உங்கள் முடக்குவாதம் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் போடாமலே இரண்டு வாரம் கை நன்றாக இருந்தது என்கிறீர்கள். அந்த மருந்து உடம்பில் மெதுவாகத்தான் பிடிக்கும், மெதுவாகத்தான் விடும். நிறுத்தினாலும் சில வாரம் அதன் தயவு இருக்கும். இந்த மூன்று வாரத்தில் நாலு கிலோ குறைந்ததும், சர்க்கரை இறங்கியதும் வலியைக் கொஞ்சம் தணித்திருக்கலாம், அதையும் மறுக்கவில்லை. ஆனால் மூட்டுக்குள் நடப்பது வெளி வீக்கத்தைப் பார்த்து மட்டும் தெரிவதில்லை. நோய் வந்த முதல் சில வருஷங்களில்தான் எலும்பு அதிகம் அரிக்கப்படுகிறது. அரித்த எலும்பை எந்த உணவும் திரும்பக் கொண்டுவராது. சில வருஷம் முன்பு பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிற ஒரு அம்மிணி என்னிடம் வந்தார், வயது 39. எல்லா மருந்தையும் விட்டுவிட்டு ஏழு மாதம் முழுப் பேலியோவில் இருந்தவர். எடை 12 கிலோ குறைந்து ஆள் பார்க்க அழகாக இருந்தார். ஆனால் இழை அறுந்தால் முடிச்சுப் போடுகிற அந்த இரண்டு விரலும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன. சாப்பாட்டில் ஒரு நாள்கூட அவர் தவறியதில்லை. அவரை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. யாராவது முதல் மாதமே அவரிடம் 'அந்த மாத்திரையை மட்டும் விடாதே கண்ணு' என்று சொல்லியிருக்கலாம்.

உணவால் முடக்குவாதத்துக்கு உதவவே முடியாது என்றும் நான் சொல்லவில்லை. 1991ல் நார்வேயில் ஒரு ஆய்வு நடந்தது. முடக்குவாதக்காரர்களை ஒரு வாரம் பத்து நாள் உண்ணாநோன்பு இருக்க வைத்து, பிறகு மூன்றரை மாதம் க்ளூட்டனும் பாலும் இல்லாத சைவம், அப்புறம் பால் சேர்த்த சைவம் என்று ஒரு வருஷத்துக்கும் மேல் கொண்டுபோனார்கள். வலியும் வீக்கமும் கணிசமாகக் குறைந்தன. உங்கள் கொழுந்தனாரின் கறி, முட்டை முறைக்கு இது நேர் எதிர்! எதிரெதிரான இரண்டு சாப்பாட்டிலும் சிலருக்கு வலி குறைகிறது என்றால், இரண்டுக்கும் பொதுவாக இருப்பதைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். எடை குறைவது, பேக்கரிப் பண்டம் ஒழிவது, காய் கீரை கூடுவது. அதோடு மத்தி, அயிலை மாதிரிக் கொழுப்புள்ள கடல் மீன் வாரம் இரண்டு நாள் சேர்த்தால் மூட்டுக்கு இன்னும் கொஞ்சம் இதம். எல்லாமே மருந்துக்குத் துணையாக. எனவே மூட்டு டாக்டரை இந்த வாரமே பாருங்கள். விட்டுப்போன இரண்டு தவணையையும் சேர்த்து ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள், அது ஆபத்து. எப்படித் தொடங்குவது என்று அவர் சொல்வார். அந்த மருந்தோடு கொடுக்கிற ஃபோலிக் ஆசிட் மாத்திரை எந்த நாள் என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தைராய்டுக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. இதே மாதிரித் தைராய்டு உள்ள இருபதுக்கும் குறைவான பெண்களிடம், தானியம், பால், முட்டை எல்லாம் விலக்கிய இன்னும் கடுமையான முறையைச் சோதித்தார்கள். உடம்பு தெம்பாக இருக்கிறது என்றார்கள், ஆனால் தைராய்டு அளவுகளில் சொல்லும்படி மாற்றமில்லை. மாத்திரை தொடரும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் நாலு மணி நேர இடைவெளி. எடை நன்றாகக் குறைந்தால் மாத்திரை அளவு மாறலாம், அதனால் இரண்டு மாதத்தில் ஒருமுறை டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பாருங்கள். கம்பில் தைராய்டைக் கொஞ்சம் தடுக்கிற பொருள் உண்டு. அயோடின் உப்பு போட்டுச் சமைத்து வாரம் மூன்று நாள் கம்பு சாப்பிடுவதற்குப் பயம் வேண்டாம்.

ஆக, தொடரலாமா? தொடரலாம், ஆனால் இதே வடிவத்தில் வேண்டாம். நூறு பாதாமை இன்றோடு விடுங்கள். நூறு பாதாம் என்றால் கிட்டத்தட்ட 700 கலோரி. அதில் ஆக்சலேட் மிக அதிகம், வெயிலில் நின்று குறைவாகத் தண்ணீர் குடிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அது சிறுநீரகக் கல்லுக்கு வழி. பதினைந்து போதும். அதைவிட வேகவைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, நம் காட்டில் விளைந்தது, விலையும் குறைவு. பேலியோவில் நிலக்கடலையும் கொள்ளும் பருப்பும் ஆகாது என்பார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஊற வைத்து நன்றாக வேக வைத்தால் பயறில் உள்ள தீங்கான பொருள்கள் பெரும்பாலும் போய்விடுகின்றன. நூறு கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் வீட்டில் பிறந்துவிட்டுக் கொள்ளுப் பருப்பை ஒதுக்குவதா?

ஒரு நாளைக்கு மாவுச்சத்து 100 முதல் 130 கிராம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் இரண்டு நாட்டுக்கோழி முட்டையோ, நாமக்கல் முட்டையோ, எதுவானாலும் சரி, கூடவே கை நிறைய முருங்கைக்கீரைப் பொரியல். முட்டை வேண்டாத நாளில் ஊறவைத்த பாசிப்பயறை அரைத்து இரண்டு அடை. மதியம் 100 கிராம் சோறு, தராசு வைத்து, ஒரு மாதத்துக்கு. அப்புறம் கண் பழகிவிடும். சோறு போடுவதற்கு முன் தட்டில் பாதியைப் பொரியலாலும் கூட்டாலும் நிரப்பிவிடுங்கள். அந்த இடத்தை முதலில் சோறு பிடித்துவிட்டால் காய் ஒரு ஓரத்தில் ஊறுகாய் மாதிரி ஆகிவிடும், நம் வீடுகளில் நடப்பது அதுதான். கொள்ளுக் கடைசலோ தட்டைப்பயறுக் குழம்போ கெட்டியாக ஒரு கிண்ணம், ஒரு டம்ளர் தயிர். கோழி, மீன் உள்ள நாளில் பருப்பு பாதி. சாயங்காலம் டீயில் சர்க்கரை இல்லாமல் சுண்டல். இரவு ஏழரைக்குள் ஒரு சின்ன உருண்டை ராகிக்களியும் கீரைக் கடைசலும், அல்லது புளிக்க வைத்த கம்பங்கூழ் ஒரு டம்ளர் நிறைய மோர் விட்டு. புளிக்க வைத்தால் கம்பில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைத்துக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய. அதிலும் நூறு கிராமுக்கு 60, 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அரிசியும் பருப்பும் சாதம் வாரம் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், நெய் ஒரு ஸ்பூன், பக்கத்தில் அவரைக்காய்ப் பொரியல் இரண்டு பங்கு. அதையும் விட்டுவிடச் சொன்னால் நீங்கள் இரண்டாவது மாதமே என்னையும் சேர்த்து விட்டுவிடுவீர்கள்.

வீட்டில் தனிச் சமையல் வேண்டியதில்லை. இதே குழம்பு, இதே பொரியல் எல்லோருக்கும். உங்கள் தட்டில் மட்டும் அளவு வேறு. வளரும் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் தானியத்தை நிறுத்தாதீர்கள்.

தொடங்கும் முன் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது), சிறுநீரில் ஆல்புமின், கொழுப்பு அளவுகள், யூரிக் அமிலம், கல்லீரல், ரத்த அணு எல்லாம் ஒருமுறை. மெட்ஃபார்மின் வருஷக்கணக்காக எடுப்பதால் பி12ம் சேர்த்து. கிரியேட்டினின் கூடியிருந்தால் நான் சொன்ன புரத அளவு உங்களுக்குப் பொருந்தாது, அப்போது எனக்கு எழுதுங்கள், மாற்றித் தருகிறேன். மெட்ஃபார்மினால் பொதுவாகச் சர்க்கரை இறங்கி மயக்கம் வராது, அதனால் டாக்டர் வேறு சொல்லாதவரை அது தொடரட்டும். முதல் மூன்று வாரம் காலை வெறும் வயிற்றிலும், மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், படுக்கும் முன்பும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அவர் மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ அந்த நோட்டைப் பார்த்து நடக்கட்டும்.

மூன்று நோயும் குணமாகுமா என்றால், சர்க்கரைக்கு நல்ல நம்பிக்கை உண்டு. உங்களுக்கு ஏழு வருஷம்தான் ஆகிறது, இன்சுலின் போடவில்லை, இன்னும் பத்துக் கிலோ குறைய இடம் இருக்கிறது. முடக்குவாதம் மருந்தோடு அடங்கியிருக்கும், எடை குறைந்தால் முழங்காலுக்குப் பாரம் குறையும். தைராய்டு மாத்திரை கூடவே வரும்.

கல்யாணத்துக்கு வருகிறேன். அன்று பந்தியில் ஒரு ஒப்புட்டு (போளி) நெய் விட்டுச் சாப்பிடுங்கள், சோறு ரசத்துக்கு மட்டும் ஒரு கரண்டி, பொரியல் கூட்டு எல்லாம் தாராளமாக. இலையில் வைத்துவிட்டார்களே என்று இரண்டாவது ஒப்புட்டு வேண்டாம். சீர் வேலை, மண்டபம், ஒறம்பரை கவனிப்பு என்று அலைகிற நாளில் உங்கள் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் வரும். அதனால் முந்தின நாளே நாலு முட்டையை வேகவைத்து டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பையில் மெஷினும் ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் இருக்கட்டும். அது எந்த அறையில், எந்தப் பையில் இருக்கிறது என்று உங்கள் வீட்டுக்காரருக்கும் சொல்லி வையுங்கள்.